பக்கத்துத் தோட்டத்துக் கவாத்து

அயிரை மீன் குழம்பை ஊற்றி முதல் கவளத்தை உருட்டும்போதுதான் என் மருமகள் ஜெசிந்தா மடிக்கணினியைத் தூக்கி வந்து தட்டுக்கு எதிரே வைத்தாள். குழம்பு தெறித்துவிடுமே என்று தட்டைப் பின்னால் இழுத்தேன். அவள் கணினியை இன்னும் கிட்டத்தில் தள்ளினாள்.

திரையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக ஏதோ கிடந்தது.

"என்னத்தா இது, ஜமுக்காளம் மாதிரி?"

"நம்ம தோட்டம் மாமா. சாட்டிலைட் எடுத்த படம்."

ஜெசிந்தா குரலை உயர்த்திப் பேசமாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

"இங்கன பாருங்க. ரோட்டோரம் பூராம் பச்சை. நடுவுல மட்டும் செவப்பா ஒரு சதுரம். செவப்புன்னா திராட்சக் கொடியில எலை இல்ல, வெட்டியாச்சுன்னு அர்த்தம். இது ஆடி மாசத்துப் படம்."

"சரி."

"எங்கிட்ட ஆவணி கடைசியில கவாத்துன்னு சொன்னீக."

அயிரை மீனில் முள் எடுக்கிற வேலை கிடையாது. ஆனாலும் நான் வெகு நேரம் முள் எடுத்தேன்.

"அம்புட்டு ஒசரத்துல இருந்து பாக்குறதுக்கு என்னத்த தெரியப் போகுது ஆத்தா? கண்ணு கூசியிருக்கும்."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி பிலோமினாவின் குரல் வந்தது. "ஒங்க மாமா கல்யாணத்துக்கே வயசக் கொறச்சுச் சொன்னவுக. கவாத்துத் தேதியவா நெசமாச் சொல்லப் போறாக?"

மருமகள் சிரிக்கவில்லை. "நீங்க சொன்ன தேதிய நான் ஆராய்ச்சியில எழுதிட்டேன் மாமா" என்றாள்.

அஞ்சாப்பும் ராக்கெட்டும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் அஞ்சாம் வகுப்பு என்பது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் அஞ்சாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, "நீ கூடை சுமக்கத்தான் லாயக்கு" என்றார். அவர் வாக்குப் பலித்தது. திராட்சைக் கூடைதான் சுமந்தேன். அவர் ஓய்வு பெற்ற வருஷம் என் சொந்தத் தோட்டத்துப் பழத்தில் ஒரு கூடை அவர் வீட்டுக்கு அனுப்பினேன். சுமப்பதற்கு ஆள் வைத்து அனுப்பினேன்.

கூடை சுமந்த பிறகு, கூடை ஏற்றிய லாரியில் கிளீனராகக் கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறினேன். அந்தக் கதையைத்தான் போன வாரம் கோட்டயம் சந்தை வாசலில் நிறுத்தியிருந்தேன். லாரி அங்கேயே நிற்கட்டும். மலையாளச் சீமையில் லாரியை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பது எனக்குப் பழக்கம்தான்.

ராயப்பன்பட்டிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே இன்றைக்கு என் திராட்சைப் பந்தல் நிற்கிறது. கல்தூண் ஒன்றுகூடச் சாய்ந்திருக்காது. கம்பியில் தொய்வு இருக்காது. பன்னீர் திராட்சை என்றால் சவரிமுத்து தோட்டத்துப் பழம்தான் என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்கிறார்கள். நான் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சொல்ல ஆரம்பித்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஜெசிந்தா எங்கள் வீட்டுக்கு வரும்போது பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும் மகன் ஷார்ஜா வேலைக்குத் திரும்பிவிட்டான். இன்னும் இரண்டு வருஷத்தில் வீடு பார்த்துக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அந்த ரெண்டு வருசத்துல மேல படிக்கட்டுமா மாமா?" என்றாள்.

என்ன படிப்பு என்றேன். சுற்றுச்சூழல் அறிவியல் என்றாள். அதிலும், செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு எந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிரிவாம். படி என்றேன். மகனைக் கேட்கவில்லை. அவனும் நான் கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் டீக்கடையில் நான் சொன்னது, "மருமக பூமியை மேல இருந்து பாத்து வைத்தியம் சொல்ற படிப்பு படிக்குது" என்பதுதான். உத்தமபாளையம் போய்ச் சேர்வதற்குள் அது ராக்கெட் படிப்பாகிவிட்டது. ஒருவர் தன் மகனுக்கு அதில் இடம் கிடைக்குமா என்று என்னிடம் வந்து கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். திருத்தினால் அவர் மனசு கஷ்டப்படும்.

இனிமேத்தான்

பள்ளத்தாக்குக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும்.

திராட்சைக் கொடியை இலையெல்லாம் போகக் கத்தரித்து விடுவதுதான் கவாத்து. கவாத்து முடிந்து நாலு மாதத்தில் பழம் வந்துவிடும். வேறு சீமைகளில் எல்லோரும் ஒரே பருவத்தில் கத்தரிக்கிறார்களாம். எங்கள் மண்ணுக்கும் காற்றுக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. வருஷத்தில் எப்போது வெட்டினாலும் கொடி கோபித்துக்கொள்ளாது.

அங்கேதான் தொழில் இருக்கிறது. பத்துத் தோட்டம் ஒரே வாரத்தில் கவாத்து வெட்டினால் பத்துத் தோட்டமும் ஒரே வாரத்தில் பழுக்கும். வியாபாரி கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு விலை சொல்வான். அடுத்தவன் பழம் வராத வாரத்தில் நம் பழம் வந்தால், அதே வியாபாரி கட்டிலை நமக்குத் தட்டிப் போட்டுவிட்டு நின்றுகொண்டு பேசுவான்.

ஆகவே கவாத்துத் தேதியை எங்கள் பக்கத்தில் எவனும் சொல்லமாட்டான். மகளுக்கு எத்தனை பவுன் போட்டாய் என்று கேளுங்கள், கூடவே ரெண்டு சேர்த்துச் சொல்வான். சர்க்கரை எவ்வளவு என்று கேளுங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டையே எடுத்து நீட்டுவான். கவாத்து எப்போது என்று கேட்டால் மட்டும், "இனிமேத்தான்" என்பான். போன தடவை எப்போது என்று கேட்டாலும் மாற்றித்தான் சொல்வான். போன தேதி தெரிந்தால் அடுத்த தேதியை விரல் விட்டு எண்ணிவிடலாமே.

இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை வாசல்வரை நிற்கும். வரிசையில் பாதிப் பேர் திராட்சைக்காரர்கள். அதில் ஒருவன்கூடக் கவாத்துத் தேதியைப் பாவக் கணக்கில் சேர்த்திருக்கமாட்டான். நான் சேர்த்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரனுக்கு மட்டும் தெரிந்துவிடும். அதைத் தடுக்க முடியாது. எனக்கு மேற்கே காதர் ராவுத்தர் தோட்டம். உத்தமபாளையத்து ஆள். முப்பது வருஷமாக எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். அவன் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே போகும். என் தேதி அவனுக்குத் தெரியும். அவன் தேதி எனக்குத் தெரியும். வெளியே இரண்டு பேருமே வாயைத் திறக்கமாட்டோம்.

சீவி மறைத்த வழுக்கை

மற்றவர்கள் வாயால்தான் மறைத்தார்கள். நான் பந்தலாலேயே மறைத்தேன். இதை முதலில் செய்தவன் நான் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ரோட்டை ஒட்டிய வரிசைகளை வெட்டாமல் விட்டுவிடுவேன். உள்ளே நடுப்பகுதியை மட்டும் கவாத்து வெட்டுவேன். ரோட்டில் பைக்கில் போகிற வியாபாரி திரும்பிப் பார்த்தால் தோட்டம் பூராவும் இலை அடர்ந்து நிற்கும். சவரிமுத்து இன்னும் கத்தரியையே தொடவில்லை என்று போய்ச் சொல்வான். உள்ளே கொடி மொட்டையாக நின்று துளிர்விட்டுக்கொண்டிருக்கும். முன்பக்கத்து முடியை இழுத்து நடுவழுக்கையை மூடுகிற மாதிரித்தான்.

ரோட்டில் நடந்து போகிறவன், பைக்கில் போகிறவன், நின்று எட்டிப் பார்க்கிறவன் என்று எல்லோருக்கும் மறைப்பு வைத்தேன். மேலேயிருந்து பார்க்கிறவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். அவர் பழத்துக்கு விலை பேச வருவதில்லை.

நாலைந்து நாளுக்கு ஒரு தரம் ஒரு இயந்திரம் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் என் வழுக்கையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறது என்பதை எந்த வியாபாரியும் எனக்குச் சொல்லவில்லை. என் மருமகள் சொன்னாள். அதுவும் அயிரை மீன் குழம்பின்போது.

பேராசிரியை சொன்னது

ஜெசிந்தாவின் ஆராய்ச்சியே அதுதான். எந்தத் தோட்டத்தில் எப்போது கவாத்து நடந்தது என்பதைப் படத்தை வைத்தே சொல்ல முடியுமா? முடிந்தால், எந்த மாதத்தில் பள்ளத்தாக்குக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எப்போது எவ்வளவு மருந்து தெளிப்பார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போடலாமாம்.

படம் சொல்வது சரிதானா என்று பார்க்க, தோட்டக்காரர்களிடம் நேரில் கேட்ட தேதியோடு ஒப்பிட வேண்டும். அதற்காக ஸ்கூட்டியில் பண்ணைப்புரம்வரை போய், தோட்டம் தோட்டமாக இறங்கி, குடை பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். எல்லோரும் உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, அன்பாகப் பேசி, தப்பான தேதியைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

படம் ஒன்று சொன்னது. ஊர் வேறு சொன்னது. ஒத்துப்போனவை விரல்விட்டு எண்ணும்படிதான்.

மதுரையில் அவளுக்கு வழிகாட்டியாக ஒரு பேராசிரியை. அந்த அம்மா நல்ல மாதிரிதான். ஆனால் அறிவியலில் நல்ல மாதிரிக்கு இடமில்லை போலிருக்கிறது.

"நேருல எடுத்த தகவலோட ஒத்துப் போகலேன்னா முறை தப்புன்னுதான் எடுத்துக்கிருவாகளாம் மாமா. வேற தலைப்பு எடுத்து மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாக."

"தப்பு படத்துலயா, ஆளுகள்ட்டயா?"

"படத்துல இல்ல."

"அப்ப அதை எழுது."

"எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் பொய் சொல்றாகன்னு எழுதவா?"

"பேரப் போடாம எழுது."

"ஆதாரம் கேப்பாக மாமா."

புதுத் தலைப்பு என்றால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் கிடையாது. ஷார்ஜாவில் மகன் வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டான். இந்த முறை ஆராய்ச்சி தேறவில்லை என்றால் படிப்பு பாதியில் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் அப்படிப் பாதியில் நின்ற பெண்ணின் படிப்பு மறுபடி எழுந்து நடந்து நான் பார்த்ததில்லை.

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. கணினியை மூடினாள். மூடிமேல் தெறித்திருந்த குழம்பைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"அங்கன போயி நான் சும்மா இருந்துக்கிறேன் மாமா" என்றாள்.

நான் கூட்டிய கூட்டம்

எந்தச் சிக்கலையும் ஒரு கூட்டத்தில் தீர்க்கிறவன் நான். லாரி சங்கத் தகராறை நான் தீர்த்த கதை இந்தத் தொடரிலேயே வந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரையும் காதர் ராவுத்தரின் பழப் பெட்டி அடுக்கும் கொட்டகைக்கு வரச் சொன்னேன். வேட்டி சட்டையோடு வந்து காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

சுற்றி வளைக்காமல் பேசினேன்.

"ஏலே, இனி மறச்சுப் பிரயோசனமில்ல. எம் மருமக கம்ப்யூட்டர்ல அம்புட்டுத் தோட்டமும் தெரியுது. எவன் என்னைக்கு வெட்டுனான்னு படத்தோட இருக்கு. அதனால மரியாதையா நெசமான தேதியச் சொல்லிருங்க. பிள்ள படிப்பு இதுல நிக்குது."

காதர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

"மச்சான், நெசமாவே அம்புட்டும் தெரியுதா?"

"தெரியுது."

"படத்தோடயா?"

"படத்தோட."

"அப்ப எங்ககிட்ட எதுக்குக் கேக்குறீக?"

இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் முதுகலை படித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் டீ சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு, "இனிமேத்தான்" என்று ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள்.

பலாப்பழம் வந்தது

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. கூட்டமாக வரவில்லை. ஒருவன் போனதும் ஒருவன். வெறுங்கையோடும் வரவில்லை. ஒருவன் வாழைத்தார், ஒருவன் நாட்டுக்கோழி முட்டை, ஒருவன் முருங்கைக்காய்க் கட்டு. என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று பிலோமினாவிடம் சொன்னேன்.

"என்ன பேசுனீகளோ, கொழம்புக்குக் காய் வாங்குற வேலை இல்ல" என்றாள்.

வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கும்பிட்டுவிட்டு மருமகளிடம் போனார்கள். நெசத்தைத்தான் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனைமலையன்பட்டியிலிருந்து ஒருவர் பலாப்பழத்தோடு வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஆத்தா, என் தோட்டத்தப் பத்திக் கேக்க வரல. அது எனக்கே தெரியும். எனக்குக் கெழக்க இருக்கான்ல, அவன் அடுத்த கவாத்து எப்ப வெட்டுவான்னு ஒன் படத்துல தெரியுமா?"

"அதச் சொல்லக் கூடாதுண்ணே. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"நீ சொல்ல வேணாம். படத்த இந்தப் பக்கம் திருப்பு. நானே பாத்துக்கிறேன்."

"அதுவும் கூடாதுண்ணே."

அவருக்கு முகம் மாறிவிட்டது. எழுந்து துண்டை உதறினார்.

"காட்டலேன்னா போ. எனக்குத் தெரியாதாக்கும்? போன தடவ புரட்டாசி ரெண்டாம் புதங்கெழம வெட்டுனான். சின்னமனூர்ல இருந்து எட்டு ஆளு வந்தாக. மத்தியானம் கறிச் சோறு. ஊருக்கெல்லாம் ஐப்பசின்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான் களவாணிப் பய."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டார். ஜெசிந்தா கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்புறம் ஓட்டமாக உள்ளே போய்க் கணினியைத் திறந்தாள். நான் பின்னாலேயே போனேன். கட்டங்களை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு மாமா."

"எது?"

"புரட்டாசி. அப்படியே படத்துல இருக்கு. அவர் பாக்காமலே சொல்லிட்டாரு."

பிலோமினா எட்டிப் பார்த்தாள். "அந்தப் பலாப்பழத்த வெட்டலாமா, இல்ல திருப்பிக் கேட்டு வருவாகளா?"

கேள்வியைத் திருப்பிப் போட்டாள்

அன்றைக்கு என் மருமகள் கண்டுபிடித்ததை எளிமையாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் தன் தோட்டத்துத் தேதியை எவனும் சொல்லமாட்டான். பக்கத்துத் தோட்டத்துத் தேதியைச் சொல்லாமல் எவனும் இருக்கமாட்டான்.

பேராசிரியைக்குப் போன் போட்டாள். அந்த அம்மா சில கட்டளைகள் போட்டிருக்கிறார்கள். படத்தை யாருக்கும் காட்டக் கூடாது. ஒரு தோட்டத்துக்கு ஒரு வேலிக்காரன் பேச்சு போதாது, இரண்டு பக்கத்து வேலிக்காரர்களையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்று சொன்னால்தான் கணக்கில் சேரும். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபடி ஸ்கூட்டி கிளம்பியது. போன தடவை இளநீரைக் கொடுத்து வாயை மூடிக்கொண்டவர்கள், இந்தத் தடவை இளநீர் வெட்டவே மறந்துவிட்டார்களாம். நாள் சொன்னார்கள். ஆள் எந்த ஊரிலிருந்து வந்தது, அன்றைக்கு வெயிலா தூறலா, மத்தியானம் என்ன சாப்பாடு, தோட்டக்காரன் யாரிடம் என்ன பொய் சொன்னான் என்பதுவரை சொன்னார்கள். சிலர் அவள் ஸ்கூட்டியை எடுத்த பிறகும் பின்னாலேயே வந்து சொன்னார்களாம்.

என்னையும் கேட்டாள். "ஒங்க தோட்டத்துப் படத்த நீங்க பாத்துட்டீக மாமா. அதனால அதப் பத்தி நீங்க சொல்றது செல்லாது. ராவுத்தரய்யா தோட்டத்தப் பத்திச் சொல்லுங்க."

எனக்கு நினைவாற்றல் அதிகம். அதற்கு மேல் என்னிடம் கேட்டது ஒரு படித்த பெண். அறிவியல் கேட்கும்போது மறைப்பது சரியில்லை. காதர் எப்போது ஆரம்பித்தான், எந்த மூலையில் ஆரம்பித்தான், மூன்றாம் நாள் கத்தரி மொக்கையாகி என்னிடம் இரவல் வாங்கியது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்புக்கே நன்றாக இருந்தது.

அன்று சாயந்திரம் பந்தலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் ஜெசிந்தாவும் காதரும். அவன் கையை நீட்டி என் தோட்டத்து ரோட்டோரத்தைக் காட்டினான். பிறகு தன் தொப்பியைக் கழற்றி, இல்லாத முடியை முன்னாலிருந்து பின்னால் இழுத்து மூடுவது மாதிரிச் செய்து காட்டினான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கிளிகள் பறந்தன.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளே.

சாத்திய கதவு

தேர்வு நாளன்று நானும் மதுரைக்குப் போனேன். என்னை உள்ளே விடவில்லை. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பேராசிரியை, இன்னும் இரண்டு மூன்று பேர் உள்ளே.

மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்காருவது அதைவிடக் கஷ்டம். மடியில் ஒரு பெட்டி பழம். ஜெயித்தால் கொடுக்கலாம் என்று கொண்டு போயிருந்தேன். ஜெயிக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. பெட்டியின் மூலையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று உள்ளே சிரிப்புச் சத்தம். ஒருவர் சிரிக்கவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரு பிள்ளை தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் எதற்காகச் சிரிப்பார்கள்? அம்புட்டும் போச்சு என்று நினைத்தேன். தாழ்வாரத்தில் துடைப்பத்தோடு வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது.

ஜெசிந்தா வெளியே வந்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. எனக்கு எதையுமே படிக்க வராது.

"பாஸ் மாமா. ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாக."

"அப்ப எதுக்குச் சிரிச்சாக?"

"ஒங்களத்தான்."

தேர்வாளர் கேட்டிருக்கிறார்: ஒருவர் தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, அடுத்தவர் சொல்வதை எப்படி நம்பினாய்? இவள் சொல்லியிருக்கிறாள்: "விவசாயி எண் ஏழு தன் தோட்டத்துக்கு மூணு தடவை மூணு தேதி சொன்னாக சார். பக்கத்துத் தோட்டத்துக்கு, கத்தரி மொக்கையான நாள் வரைக்கும் சொன்னாக." அந்த ஏழாம் எண் யார் என்று தேர்வாளர் கேட்டாராம். பெயர் சொல்லக் கூடாது சார், ஆனா வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காக என்றாளாம்.

ஏழாம் எண் கொடுத்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒன்றாம் எண்ணே கொடுத்திருக்கலாம். ஆனாலும் பள்ளத்தாக்கில் எத்தனையோ பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஒரு முதுகலை ஆராய்ச்சி தேறுவதற்குத் தங்கள் குணத்தையே ஆதாரமாகக் கொடுத்தவர்கள் அவர்களில் யாரும் இல்லை. பழப் பெட்டியை உள்ளே கொடுத்தேன். தேர்வாளர் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "கவாத்து எப்ப வெட்டுனது?" என்று கேட்டார். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் உள்ளே நின்று சிரித்தேன்.

கத்தரிச் சத்தம்

ஜெசிந்தா இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாள். அங்கிருந்துகொண்டே பேராசிரியையோடு சேர்ந்து ஏதோ கட்டுரை எழுதுகிறாள். எங்கள் தோட்டங்களின் படம் அங்கேயும் வருகிறது.

போகும் முன்னால் அவளிடம் ஒரு யோசனை கேட்டேன். மலையிலிருந்து மேகம் இறங்கிப் பள்ளத்தாக்கையே மூடுகிற வாரங்கள் உண்டு. அந்த வாரத்தில் கவாத்து வெட்டினால்?

"மேகத்துக்குள்ளயும் பாக்குற படம் இருக்கு மாமா. ராடார்."

"அதையும் ஒங்க ஆளுகதான் கண்டுபிடிச்சாகளா?"

"ஆமா மாமா."

இதோ, இந்த வாரம் என் தோட்டத்தில் ஆள் இறங்கியிருக்கிறது. ரோட்டோரத்து வரிசைகளை வழக்கம்போல வெட்டாமல் விட்டிருக்கிறேன். பழகிய கை. நடுவே கத்தரிச் சத்தம் மழைத் தூறல் மாதிரிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெட்டின இலைகள் காற்றில் வேலி தாண்டி அந்தப் பக்கம் விழுகின்றன. அந்தப் பக்கம் காதர் நிற்கிறான். அவன் தோளில் என் தோட்டத்து இலை ஒன்று.

"என்ன மச்சான், கவாத்து எப்ப?"

"இனிமேத்தான் மச்சான்."

"அவசரமில்ல. மெதுவா வெட்டுங்க."

தோளிலிருந்த இலையை எடுத்துப் போட்டான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு புளியமரம் பக்கமாக நடந்தான். கொஞ்ச நேரம்தான். என் போன் அடித்தது.

"மாமா, நல்லா இருக்கீகளா? இந்தத் தடவ கவாத்து எப்ப?"

"இனிமேத்தான் ஆத்தா."

"சரி மாமா."

நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். வெயில் எப்படி, முட்டிவலி எப்படி, அத்தை மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று வரிசையாக விசாரித்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"மத்தியானம் ஆளுகளுக்கு என்ன கொழம்பு மாமா?"

"கறிக் கொழம்பு ஆத்தா" என்றேன்.